சூரணத்தைச் சொல்லாமல் விட்ட ஒன்பது நாட்கள்

2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது, காலைக் காப்பிக்கு முன்பு ஒரு தேக்கரண்டி சீந்தில் சூரணத்தை வெந்நீரில் கலந்து குடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொட்டலத்தின் மேல் பெயரும் விலையும் பேனாவால் எழுதப்பட்டிருந்தனவே தவிர, தயாரித்தவர் யார், எப்போது அரைத்தது என்ற விவரம் எதுவும் இல்லை. மூன்று மாதம் விடாமல் குடித்தேன்.

முதலில் பசி விட்டுப்போயிற்று. பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும் தூங்கவிடாத அரிப்பு வந்தது. சிறுநீர் பால் கலக்காத தேநீரின் நிறத்துக்கு மாறிய பின்னர்தான் கண்ணாடியில் என் கண்களை உற்றுப் பார்த்தேன். மாமியார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். நானோ சூரணத்தையும் நிறுத்தவில்லை. எதிர்ப்பு சக்திக்காகச் சாப்பிடுவதை நோய் வந்த நேரத்திலா நிறுத்துவார்கள் என்பது என் கணக்கு.

ரத்தப் பரிசோதனையில் காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 9.4 என்றும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 1,100க்கு மேல் என்றும் எக்கச்சக்கமாக வந்தது. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று முதல் மருத்துவர் கேட்டபோது தைராய்டு மாத்திரையை மட்டும் சொன்னேன். மறைக்கும் எண்ணம் இல்லை. சூரணத்தை நான் மருந்தாகவே நினைத்திருக்கவில்லை. ஹெபடைடிஸ் ஏ, பி, சி, ஈ எதுவும் இல்லை, ஸ்கேனில் கல்லடைப்பும் இல்லை என்று தெரிவதற்குள் ஒன்பது நாட்கள் ஓடிவிட்டன.

கல்லீரல் சிறப்பு மருத்துவரோ கேள்வியையே மாற்றிக் கேட்டார்: "கஷாயம், லேகியம், பொடி, இளைப்பதற்கான பானம் ஏதாவது உண்டா?" சீந்தில் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னார். இதே மூலிகையைச் சாப்பிட்டு மஞ்சள் காமாலையுடன் வந்த 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் அந்த ஆண்டுதான் ஆய்விதழில் எழுதியிருந்தார்கள். உடலின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்குவது போன்ற பாதிப்பு அது. தைராய்டு போன்ற கோளாறு ஏற்கெனவே உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றார். ஆயுஷ் அமைச்சகம் அந்த ஆய்வை ஏற்கவில்லை. சாப்பிட்டது சீந்தில்தானா, அதைப் போலவே தோன்றும் வேறு இனமா என்று உறுதிசெய்யவில்லை என்றது. அது நியாயமான கேள்விதான். ஆனால் அரைத்துப் பொட்டலமாக்கிய பிறகு கடையில் நிற்கும் எனக்கு எல்லாக் கொடியும் ஒரே தூள்தான். அடுத்த ஆண்டு, சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட 43 நோயாளிகளை நாட்டின் 13 மையங்களில் ஆராய்ந்த இன்னொரு ஆய்வும் வெளிவந்தது.

எதிர்ப்பாற்றல் உடலையே தாக்குகிறதா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதால், கல்லீரலிலிருந்து துளி திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சி செய்தார்கள். வலது விலாவின் இடைவெளியில் ஊசி நுழைந்தது ஒரு நொடி. அதன்பின் அசையாமல் படுத்திருந்த மணிநேரங்கள்தான் நீண்டன. சூரணத்தை நிறுத்தி, ஸ்டீராய்டு தொடங்கிய இரண்டு வாரத்தில் பிலிருபின் பாதியானது. மூன்றாம் மாதம் எல்லா அளவுகளும் சரியாயின. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய பிறகும் காமாலை திரும்பவில்லை என்பதையே மருத்துவர் முக்கியமாகக் கருதினார். தானாக வரும் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி என்றால் மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலும் தலைதூக்கிவிடுமாம்.

ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்வதற்கான படிவத்தை அவரே எடுத்துத் தந்தார். தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி தேதி என்ற மூன்று கட்டங்களையும் வெறுமையாக விட்டுவிட்டு, பொட்டலத்தின் படத்தை இணைத்தேன்.