ஃபார்ட்டி-இஷ்

எங்கள் கேர் ஹோமில் இருக்கிற ஒரு பாட்டியின் மகள் போன் பண்ணியிருக்கிறார். என் பேர் வாயில் வரவில்லை போல, "அந்த ஃபார்ட்டி-இஷ் இந்தியன் நர்ஸ் இருக்காங்களா?" என்றாராம். போனை எடுத்த மலையாளிச் சேச்சி ஹோம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். எனக்கு முப்பத்தாறு. தங்கச்சிமடம் பஸ்ஸில் யாராவது "நாப்பது இருக்கும்" என்றிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். இங்கிலாந்தில் "இஷ்" என்று ஒரு வாலை ஒட்டிவிட்டால் குற்றமில்லை. முப்பத்தெட்டும் அதில் அடங்கும், நாற்பத்திரண்டும் அடங்கும். முப்பத்தாறு அடங்குமா என்று யாரைப் போய்க் கேட்பது?

வயதுக்கு இவர்கள் வைத்திருக்கிற வால்கள் கொஞ்சமில்லை. "சிக்ஸ்டி-ஆட்" என்றால் அறுபது சொச்சம், கீழே இறங்காது. "சிக்ஸ்டி-சம்திங்" என்றால் அறுபத்தொன்பதுவரை எங்கேயும் இருக்கலாம். பதிமூன்று முதல் பத்தொன்பது வரை எண்ணின் கடைசியிலேயே "டீன்" வருவதால் டீனேஜர். பன்னிரண்டுக்கு அது இல்லையே, பாவம், அதற்கு "ட்வீன்". எழுபதைத் தொட்டால் லத்தீன் வந்துவிடும்: செப்டுவஜெனேரியன், ஆக்டோஜெனேரியன், நானஜெனேரியன். நூறானால் சென்டினேரியன், அரண்மனையிலிருந்து வாழ்த்து அட்டை. அறுபதுக்காரர்களுக்கும் இதே வரிசையில் ஒரு சொல் உண்டு, அதை நான் சபையில் சொல்லமாட்டேன்.

நம்மிடமும் பேதை, பெதும்பை என்று ஏழு இருக்கிறது. நாற்பதில் பேரிளம்பெண்ணோடு நிறுத்திவிட்டார்கள். அந்தக் கணக்கில் எனக்கு இன்னும் நாலு வருஷம்.

பாம்பனில் அப்பத்தாவிடம் வயதைக் கேட்டால் எண்ணே வராது. "புயலுக்கு உங்கப்பன் கைப்பிள்ளை" என்பாள். 1964 டிசம்பர், தனுஷ்கோடி பாசஞ்சரையே கடல் கொண்டுபோன புயல். அதற்கு முன்னே, அதற்குப் பின்னே, அவ்வளவுதான் அவளுடைய காலண்டர். ரோட்டுப் பாலம் திறந்த 1988-க்குப் பிறகு பிறந்த நாங்களெல்லாம் பாலத்துப் பிள்ளைகள். ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது, இரண்டையும் அவள் மதித்ததில்லை. "பாசி எடுக்கக் கடல்ல இறங்குறேன்ல, பிறகென்ன வயசு?"

ஆனால் மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் எங்களுக்கு வாயே திறக்காது. அக்காவா, தங்கச்சியா, மதினியா, எதையாவது சொல்லித்தானே பேச்சையே ஆரம்பிக்க வேண்டும்? இத்தனை சொல் வைத்திருக்கிற இவர்களோ கூப்பிடும்போது வயதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். எண்பத்தெட்டு வயதுக்காரியை இருபத்திரண்டு வயதுப் பையன் வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அவர் கேட்டுக்கொண்டதும் அதைத்தான், கேர் பிளானிலேயே இருக்கிறது. அப்பத்தாவை ஒருத்தன் அப்படிக் கூப்பிட்டிருந்தால் பாசிப் பை அவன் தலையில் இறங்கியிருக்கும்.

எனக்கும் எல்லாம் பழகிவிட்டது. ஷிப்ட் மாறும்போது "எய்ட்டி-சம்திங்" என்று கூசாமல் சொல்கிறேன். ராத்திரி மாத்திரை கொடுக்கையில்தான், அந்தப் பாட்டியின் பேரோடு ஒரு "ம்மா" தானாக ஒட்டிக்கொள்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் அதுதான் முழுப்பேர் என்று நினைத்து, அறைக் கதவுப் பலகையில் "ம்மா"வையும் சேர்த்து எழுதிவிட்டான். மேனேஜர் எழுத்துப்பிழை என்று அழிக்கப்போனார். பாட்டி விடவில்லை.