கிளிநொச்சியிலிருந்து உலோகவியலுக்கு

பல்கலைக்கழகத்தில் மெற்றீரியல்ஸ், அதாவது பொருட்கள் பற்றிய பொறியியல் துறை, கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னபோது பெரியப்பா கேட்டது: "பழைய இரும்புக்கடை போடப் போறியோ தம்பி?" போர் முடிந்த பிறகு வன்னியில் பழைய இரும்பு வியாபாரம் நடந்த நடப்புக்கு அது நியாயமான கேள்விதான்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி வந்து, விண்ணப்பம் போடுவது வரைக்கும் மற்றவர்களுக்கு நடப்பதுதான். அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும் 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும் போக, மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னி மாவட்டங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் வீட்டுக்குக் கிட்ட இருந்தும், எனக்குக் கிடைத்தது மொரட்டுவை. அங்கே முதலில் எல்லோருக்கும் பொதுப் பாடம். அதன் பெறுபேற்றையும் நம் விருப்பப் பட்டியலையும் வைத்துத்தான் துறை தருவார்கள். கணினியும் இலத்திரனியலும் முதலில் நிரம்பும். மெற்றீரியல்ஸைப் பலர் பட்டியலின் அடியில்தான் எழுதுவார்கள். நான் நடுவில் எழுதியிருந்தேன்.

தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரைக்குப் போகும் கஷ்டத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், விடுகிறேன்.

என்னைப் பிடித்து இருத்தியது ஆய்வுகூடம். கட்டடக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, சொரசொரப்பான அரத்தாளில் தொடங்கி ஒவ்வொன்றாக நைசான தாளுக்கு மாறித் தேய்த்து, கண்ணாடி போல மினுங்கியதும் நைத்திரிக் அமிலம் கலந்த மதுசாரத்தில் சில விநாடி தோய்க்க வேண்டும். கம்பியின் வெளிப்புறத்தில் கருமையான ஒரு வளையம் எழும்பும். இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் உருட்டாலையில் சிவக்கச் சிவக்க வரும் கம்பிமேல் தண்ணீரைப் பாய்ச்சுவதால் வெளித்தோல் சட்டென்று இறுகிவிடுகிறது. உள்ளே மிஞ்சிய சூடு வெளியே வந்து அந்தத் தோலைப் பதப்படுத்த, நடுப்பகுதி மெதுவாக ஆறி வளையக்கூடியதாக நிற்கிறது. வீட்டுத்திட்டத்துக்கு லொறியில் வந்து இறங்கிய கம்பிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அதற்குள் இவ்வளவு வேலை இருக்கிறதா என்று ஆகிவிட்டது. முல்லைத்தீவுக் கரையோர வீடுகளில் கொங்கிரீட்டைப் பிளந்துகொண்டு ஏன் கறள் வருகிறது என்பதும் இங்கேதான் விளங்கியது. உப்புக்காற்றில் வரும் குளோரைட்டு உள்ளே இறங்கி, கம்பியைக் காக்கும் மெல்லிய படலத்தை உடைத்துவிடும்.

சரி, வேலை? பெயரைப் பார்த்து இரும்பு மட்டும் என்று நினைக்கக் கூடாது. இந்தத் துறையில் உலோகத்தோடு மட்பாண்டமும் இறப்பரும் பிளாஸ்டிக்கும் சேர்த்தே படிப்பிக்கிறார்கள். இலங்கையில் வேலை இருக்கும் இடங்கள் உருட்டாலை, வார்ப்பாலை, டயர், தரை ஓடு, கப்பல் திருத்தம். அனேகமாக எல்லாம் மேல் மாகாணமும் அதைச் சுற்றியும்தான். தொடக்கத்தில் தரக்கட்டுப்பாட்டில் போடுவார்கள், இரவு முறையும் வரும். புல்மோட்டையில் இல்மனைட்டு மணல் அள்ளுகிறார்கள், கொக்கிளாயிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அதிலிருந்து தைத்தானியம் எடுக்கும் ஆலை நாட்டில் இல்லை, மணல் கப்பலேறிவிடுகிறது. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

ஊரிலேயே அரச வேலை வேண்டும் என்பவர்கள் சிவில் எடுங்கள். வீதியும் குளமும் இருக்கும்வரை அவர்களுக்கு இங்கே வேலை இருக்கும். வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்கள், ஒட்டுவேலைப் (வெல்டிங்) பரிசோதனைச் சான்றிதழ் ஒன்றைப் படிக்கும்போதே எடுத்துவைப்பது நல்லது. எண்ணெய்க் குழாய் வேலைகளுக்குப் பட்டத்தோடு அதையும் கேட்கிறார்கள்.