ஊர்ப் பெயர் லிஸ்ட வச்சு பைதன் படிக்கிறது

எங்கட பக்கம் ஏஎல் முடிச்சிட்டு பைதன் எண்ட கம்பியூட்டர் மொழி படிக்கிற பிள்ளையள் கனக்கப் பேர் இப்ப இருக்கினம், வந்தாறுமூலை கெம்பஸ்ல படிக்கிறவையும் கேப்பினம், கல்முனையில கிளாஸ் போறவையும் கேப்பினம், எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான், லிஸ்ட், டிக்ட் (ஒரு கீயக் குடுத்தா அதுக்குரியத எடுத்துத் தாறது), பைல் எல்லாம் படிச்சாச்சு, இனி என்ன செய்யிற எண்டு. நான் சொல்றது உங்கட ஊர்ல ஆராவது ஒருத்தர் கஷ்டப்பட்டு டைப் பண்ணி வச்சிருக்கிற ஒரு பெயர் லிஸ்ட வாங்குங்க எண்டு. அப்பிளும் தோடம்பழமும் போட்ட லிஸ்ட்ல வராத பிரச்சினை எல்லாம் அதுல வரும், அதிலயும் தமிழ்ல டைப் பண்ணின லிஸ்ட் எண்டா இன்னும் நல்லம்.

எனக்கு அப்பிடி வந்தது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில ஒரு விவசாய அமைப்பின்ட லிஸ்ட். செயலாளர் எனக்கு மாமா முறை. "மகன், ஒரே ஆள் ரெண்டு தரம் கிடக்கு, வாய்க்கால் வாய்க்காலா எத்தின ஏக்கர் எண்டும் கூட்டித் தரணும், பெரும்போகம் தொடங்க முன்னம் ஏலுமா" எண்டு பென்டிரைவ் தந்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், போன், ஊர், வாய்க்கால், காணி அளவு, அவ்வளவுதான் கொலம். பாத்தா சின்ன வேலை.

முதல்ல பைல திறக்கிறதே ஒரு பாடம். விண்டோஸ்ல பைதன் ஓபன் எண்டு மட்டும் போட்டா, என்கோடிங், அதாவது எழுத்த பைட்டா எழுதி வைக்கிற முறை, எது எண்டு சொல்லாட்டி, அனேகமா அது சிஸ்டத்தின்ட பழைய கோட்பேஜ் எண்ட எழுத்து அட்டவணையிலதான் வாசிக்கப் பாக்கும். எல்லா மொழிக்கும் பாவிக்கிற என்கோடிங் யூடிஎஃப்-8, அதுல ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் மூண்டு பைட். குற்றுக்கு, அதாவது 'க்' மேல இருக்கிற புள்ளிக்கு, வாற மூண்டாவது பைட் இருக்கே, அந்த இலக்கத்துக்கு 1252 எண்ட கோட்பேஜ்ல எழுத்தே இல்ல. அதால முதல் குற்று வந்த உடன 'சார்மேப்' எண்டு ஒரு எரர் அடிச்சு நிண்டுரும். தமிழ்ல குற்று இல்லாம எத்தின பேர் எழுதலாம் சொல்லுங்க! என்கோடிங் யூடிஎஃப்-8 எண்டு குடுத்தா இது தீரும். ஆனா எக்செல்ல இருந்து 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' (சிஎஸ்வி எண்டா கொலங்களக் கமா போட்டுப் பிரிச்ச வெறும் டெக்ஸ்ட் பைல்) எண்டு சேவ் பண்ணின பைல்ல தொடக்கத்தில கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும், அது முதல் கொலத்தின்ட தலைப்போட ஒட்டிக்கும், மறுகா நீங்க 'பெயர்' எண்டு கேட்டா அப்பிடி ஒரு கொலம் இல்ல எண்டு கீ எரர் வரும், பிரிண்ட் பண்ணிப் பாத்தா 'பெயர்' எண்டுதான் தெரியும். யூடிஎஃப்-8-சிக் எண்டு குடுங்க, அந்தக் குறிய அதுவே கழட்டிரும். சும்மா சாதாரண சிஎஸ்வி எண்டு சேவ் பண்ணி, தமிழ் முழுக்கக் கேள்விக்குறியா மாறி வந்த பைல் எண்டா ஒண்டும் செய்ய ஏலாது, பழைய எக்செல் பைலத்தான் திருப்பிக் கேக்கணும்.

அடையாள அட்டை கொலமும் அப்பிடித்தான். 2016ல இருந்து வாற புது இலக்கம் 12 தானம், எக்செல் அத ஒரு எண் எண்டு நினைச்சு 1.98ஈ+11 மாதிரிச் சுருக்கிக் காட்டும், அப்பிடியே சிஎஸ்வியா சேவ் பண்ணினா காட்டினதுதான் பைலுக்குள்ள போகும், மிச்ச இலக்கம் போச்சு. அத பைதனால மீட்க ஏலாது. அந்தக் கொலத்த முதல்லயே டெக்ஸ்ட் எண்டு மாத்திட்டு டைப் பண்ணச் சொல்லிச் சொல்லணும். போன் நம்பர்ல முன்னுக்கு இருக்கிற சைபர் போறது சின்ன விஷயம், ஸ்ட்ரிங்கா எடுத்து ஸெட்ஃபில் 10 எண்டா வந்துரும்.

ஒரே ஆள் ரெண்டு தரம் வாறதுக்கு ஒரு காரணமும் இதுக்குள்ளதான் கிடந்தது. ஒரு இடத்தில பழைய இலக்கம், இன்னொரு இடத்தில புது இலக்கம். பழைய ஒம்பது இலக்கத்துக்கு முன்னால 19 போட்டு, அஞ்சாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு சைபர் செருகி, கடைசி எழுத்த விட்டா புது இலக்கம் வரும். நாலு வரி பங்ஷன். எல்லாத்தயும் 12 தானத்துக்கு மாத்தி அத டிக்ட்டின்ட கீயா வச்சா இரட்டை விழுந்தது எல்லாம் தானா வெளிய வரும்.

இனித்தான் எனக்கு ஆகப் பிடிச்ச இடம். என்னென்ன ஊர் இருக்கு எண்டு பாக்க ஊர்க் கொலத்த, ஒரே விஷயத்த ஒருக்கா மட்டும் வச்சிருக்கிற ஒரு செட்டுக்குள்ள போட்டா கொக்கட்டிச்சோலை ரெண்டு தரம் வருது. ஸ்ட்ரிப் பண்ணியாச்சு, ஸ்பேஸ் ஒண்டும் இல்ல, எழுத்துப் பிழையும் இல்ல, ரெண்டும் அச்சு அசலா ஒண்டு. ஈக்குவலா எண்டு கேட்டா ஃபோல்ஸ். எத்தின குறி எண்டு லென் போட்டுப் பாருங்க, ஒண்டு 15, மற்றது 17! ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஒரு இலக்கம் குடுக்கிற யூனிகோட்ல 'கொ' வ ரெண்டு விதமா எழுதலாம். 'க'வுக்குப் பிறகு கொம்பும் அரவும் சேந்த ஒரே குறி போடலாம், இல்லாட்டி கொம்ப ஒரு குறியாவும் அரவ இன்னொரு குறியாவும் போடலாம். திரையில ரெண்டும் ஒண்டாத்தான் தெரியும். எந்த கீபோர்ட்ல அடிச்ச எண்டதப் பொறுத்து மாறும். கொக்கட்டிச்சோலையில 'கொ' ஒண்டு 'சோ' ஒண்டு, அதுதான் அந்த ரெண்டு வித்தியாசம். கொம்மாதுறை, போரதீவு, கோறளைப்பற்று, திருக்கோவில் எண்டு எங்கட கிழக்கில பாதி ஊருக்கு இந்தப் பிரச்சினை வரும், ஆக்கள்ட பேர்லயும் யோகராசா, கோபாலப்பிள்ளை எண்டு எத்தின. இதுக்குப் பைதனோடயே வாற யூனிகோட்டேட்டா எண்ட மொடியூல் இருக்கு, அதுல நோர்மலைஸ் எண்ட பங்ஷனுக்கு என்எஃப்சி எண்டு குடுத்து ஒவ்வொரு பேரயும் அனுப்பினா ரெண்டும் ஒண்டாகிடும். ஒரே ஒரு வரி. தமிழ் டேட்டா தொடுற ஆரும் பைல வாசிச்ச உடன முதல் வேலையா இதச் செய்யணும் எண்டது என்ட உறுதியான அபிப்பிராயம், ஆனா தமிழ்ல பைதன் சொல்லித் தாற வீடியோக்கள்ல இதப் பாக்கிறது அருமை, அது எனக்குப் பெரிய மனவருத்தம்.

மறுகா லிஸ்ட். 'நீங்கினவர்' எண்டு குறிச்ச ஆக்கள எடுக்கணும் எண்டு ஃபோர் லூப்புக்குள்ள நிண்டு அதே லிஸ்ட்ல ரிமூவ் பண்ணினா, அடுத்தடுத்து ரெண்டு பேர் நீங்கினவரா இருந்தா ரெண்டாவது ஆள் தப்பிருவார், ஏன் எண்டா முதலாமவர எடுத்த உடன பின்னால நிக்கிறவையெல்லாம் ஒரு இடம் முன்னுக்கு வருவினம், லூப் அடுத்த இடத்துக்குப் போயிரும். எரரும் வராது, அதுதான் பயங்கரம். இருக்க வேண்டியவைய மட்டும் புது லிஸ்ட்ல சேருங்க.

காணி அளவுதான் ஆகக் கலவரம். ஒருத்தர் '2 ஏக்கர் 1 றூட்' எண்டு, இன்னொருத்தர் '2.25' எண்டு, வேறொருத்தர் '40 பேர்ச்' எண்டு மட்டும். ஒரு ஏக்கர் 4 றூட், 160 பேர்ச், அதால எல்லாத்தயும் பேர்ச்சுக்கு மாத்தி முழு எண்ணா வச்சிக் கூட்டினன். தசமத்தில கூட்டப் போனா 0.1ம் 0.2ம் சேத்து 0.30000000000000004 எண்டு காட்டுற கதைதான், கூட்டத்தில கணக்கு வாசிக்கிற மாமாவுக்கு அத விளங்கப்படுத்த ஏலாது. வாய்க்கால் பேர கீயா வச்சு, புதுக் கீ வந்தா தானா சைபர்ல தொடங்கிற டிஃபோல்ட் டிக்ட்ல கூட்டினா கதை முடிஞ்சிது. பைதன் 3.7ல இருந்து டிக்ட் போட்ட ஒழுங்கிலயே நிக்கும், அதால தலை வாய்க்கால்ல தொடங்கி வால் வரைக்கும் லிஸ்ட்ல இருந்த மாதிரியே வந்தது.

பெயர் ஒழுங்குக்கு சோர்ட்டட் எண்டு போட்டா வனிதா முன்னுக்கும் வள்ளியம்மை பின்னுக்கும் வரும், வரதனும் வனிதாவுக்குப் பின்னாலதான். யூனிகோட்ல 'ன' இருக்கிறது 'ந'வுக்கு அடுத்ததா, எங்கட நெடுங்கணக்கில அது கடைசி எழுத்து. க ங ச ஞ எண்டு 'ன' வரைக்கும் பள்ளிக்கூடத்தில படிச்ச ஒழுங்க ஒரு ஸ்ட்ரிங்கா எழுதி, ஒவ்வொரு எழுத்தும் அதுல எத்தினாவது எண்டு பாத்து ஒரு கீ பங்ஷன் குடுத்தா ஒழுங்கு சரியாகும். குற்றுக்கும் உயிர்க்குறியளுக்கும் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு, அத இன்னொரு நாள் தனியா எழுதுறன்.

திருப்பி எழுதேக்கயும் யூடிஎஃப்-8-சிக் தான், அப்பதான் மாமா டபுள் கிளிக் பண்ணினா எக்செல்ல தமிழ் ஒழுங்கா வரும். ஓபன்ல நியூலைன வெறும் ஸ்ட்ரிங்கா குடுக்காட்டி விண்டோஸ்ல ஒவ்வொரு வரிக்கு இடையிலயும் ஒரு வெறும் வரி வரும். பழைய பைலுக்கு மேல எழுதாம புதுப் பேர்ல எழுதுங்க. ஸ்க்ரிப்ட் அப்பிடியே கிடக்கு, சிறுபோகத்துக்குப் புது ஆக்கள் சேந்தா பைல மட்டும் மாத்தி ஓட விட்டாச் சரி.