டெக்சாஸில் வங்கிக் கிளைக்கு ஜோனிங் மாற்றம்: 200 அடிக்குள் இருக்கும் சிக்கல்கள்

வீடுகளை ஒட்டிய முனை மனையில் ஒரு சிறிய வங்கிக் கிளை, மூன்று டிரைவ்-த்ரூ லேன், ஒரு ஏடிஎம். டெக்சாஸ் புறநகர் ஒன்றில் இதற்கான ஜோனிங் மாற்றத்தை, அதாவது அந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வகையின் மாற்றத்தை, ஒருவழியாக நகரக் கவுன்சிலில் வாங்கிவிட்டோம். நிம்மதிதான், ஆனால் எரிச்சல் இன்னும் தீரவில்லை. எதிர்ப்பால் ஆன தாமதத்தைவிட, தாள்களில் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஆன தாமதம் அதிகம். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும்.

முதலில், எதைக் கேட்டு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யுங்கள். 'ரீடெய்ல்' வகைக்கு நேரடியாக மாற்றக் கேட்டால் கட்டணமும் வரைபட வேலையும் குறைவு. ஆனால் அந்த வகையில் அனுமதி உள்ள எந்தக் கடையும் பின்னாளில் அங்கே வரலாம். "வங்கி மட்டும்தான் கட்டுவோம்" என்று மேடையில் தரும் வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. அப்படிப் பேரம் பேசி ஜோனிங் கொடுப்பதை 'கான்ட்ராக்ட் ஜோனிங்' என்று டெக்சாஸ் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களின் முதல் கேள்வியே, வங்கி காலி செய்தால் அங்கே பர்கர் கடை வருமா என்பதுதான். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே பிளான்ட் டெவலப்மென்ட் (பிடி), அதாவது அந்த ஒரு மனைக்கென்றே விதிகளை எழுதும் ஜோனிங் வகை வழியே போங்கள். என்னென்ன பயன்பாடு, எத்தனை லேன், வேலி எவ்வளவு உயரம் எல்லாம் நகரத்தின் ஜோனிங் ஆணையிலேயே ஏறிவிடும். டிரைவ்-த்ரூவுக்குத் தனியாக ஸ்பெசிஃபிக் யூஸ் பெர்மிட் (குறிப்பிட்ட பயன்பாட்டுக்கான அனுமதி) கேட்கும் நகரமாக இருந்தால், அதையும் கூடவே போட்டு ஒரே விசாரணையில் முடித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தை வாங்குபவர் குறைகளை ஒரே தடவையில் சொல்வார் என்று நம்பிப் போகாதீர்கள். வரி பாக்கி இல்லை என்ற சான்று இல்லையென்று முதலில் திரும்பியது. அதைக் கொண்டுபோனால், மனை ஒரு எல்எல்சி (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) பெயரில் இருக்கிறதே, கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டென்று காட்டும் தாள் எங்கே என்றார்கள். இரண்டையும் முதல் நாளே கேட்டிருக்கலாம். 'கம்ப்ளீட்' என்று குறிக்கப்படும்வரை எந்தத் தேதியும் ஓடத் தொடங்காது. வங்கிப் பக்கம் மட்டும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்: தேசிய வங்கி என்றால், ஓசிசி (தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு) கொடுத்த கிளை ஒப்புதல், 18 மாதத்துக்குள் கிளை திறக்காவிட்டால் பொதுவாகக் காலாவதியாகிவிடும்.

பெரிய அடி விழுந்தது அறிவிப்பில். டெக்சாஸ் லோக்கல் கவர்ன்மென்ட் கோட் 211-ஆம் அத்தியாயப்படி, கவுன்சிலுக்கு முன்பு விண்ணப்பத்தைக் கேட்டுப் பரிந்துரை செய்யும் பிளானிங் அண்ட் ஜோனிங் கமிஷன் விசாரணைக்குப் பத்தாவது நாளுக்கு முன்பே, 200 அடிக்குள் உள்ள நில உரிமையாளர்களுக்குத் தபால் போயிருக்க வேண்டும். கவுன்சில் விசாரணைக்குப் பதினைந்தாவது நாளுக்கு முன்பே செய்தித்தாளில் வந்திருக்க வேண்டும். எங்கள் சர்வேயர் எழுதிய எல்லை விவரம் தெருவின் நடுக்கோடு வரை போனது. ஜோனிங்குக்கு அப்படி எழுதுவது பல ஊர்களில் வழக்கம். பழைய பிளாட்டில் (பதிவான மனைப்பிரிவு வரைபடத்தில்) உள்ள பரப்போ தெரு ஓரத்தோடு நிற்கும். நகர அலுவலகத்தில் ஒருவர் தபாலில் ஒரு ஏக்கர் எண்ணையும் செய்தித்தாளில் இன்னொன்றையும் போட்டுவிட்டார். விசாரணை நாளன்று மாலை, அரங்கில் ஆட்கள் உட்கார்ந்த பிறகு, நகர வழக்கறிஞர் எங்கள் விண்ணப்பத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தார். அவர் செய்தது சரிதான். அறிவிப்பில் பிழை இருந்தால் பின்னால் வழக்கில் ஆணையே செல்லாமல் போகலாம். ஆனால் வேலைக்கு விடுப்புப் போட்டு வந்தவர்களும் கைக்குழந்தையோடு வந்தவர்களும் வீணாகத் திரும்பினார்கள். அந்தக் கோபம் எங்கள் தலையில்தான் விடிந்தது.

இதைத் தவிர்க்க வழி உண்டு. அறிவிப்பின் வரைவைத் தபாலுக்குப் போகும் முன் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பார்கள், தானாகத் தரமாட்டார்கள். பரப்பு, முகவரி, இப்போதைய வகை, கேட்கும் வகை, இந்த நான்கையும் சர்வேயோடு ஒப்பிடுங்கள். 200 அடியை நடுக்கோட்டிலிருந்து அளக்கிறார்களா, மனை ஓரத்திலிருந்தா என்று எழுத்தில் வாங்குங்கள். எதிர்ப்புற வீடுகள் உள்ளே வருவதும் வெளியே போவதும் அதைப் பொறுத்தது. தபால் பட்டியல், கடைசியாக அங்கீகரித்த வரிப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படும். அண்மையில் வீடு வாங்கியவர்களுக்குக் கடிதம் போகாது. சட்டப்படி குறையில்லை, ஆனால் அவர்கள்தான் அரங்கில் முதலில் எழுந்து நிற்பார்கள். வரிக்காகச் சொத்து மதிப்பிடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டின் தளத்தில் பார்த்து, அந்த வீடுகளுக்கு நேரில் போய்க் கதவைத் தட்டுவது நல்லது.

இனி 20 சதவீதக் கணக்கு. மாற்றம் கேட்கும் மனையை ஒட்டி 200 அடி வரையுள்ள நிலத்தில் 20 சதவீதப் பரப்புக்கு உரியவர்கள் எழுத்தில் கையெழுத்திட்டு எதிர்த்தால், கவுன்சிலில் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் வீடுகளைக் கூட்டும் மாற்றங்களுக்கு இந்த வரம்பை 60 ஆக்கியது. வங்கி வணிகப் பயன்பாடு, ஆகவே நமக்கு 20-தான். தலைகளை எண்ணாதீர்கள், பரப்பை எண்ணுங்கள். 1 ஏக்கர் சதுர மனையைச் சுற்றி 200 அடிப் பட்டை போட்டால் சுமார் 6.7 ஏக்கர் வரும். அதில் 20 சதவீதம் 1.34 ஏக்கர். 8,000 சதுர அடி மனைகள் முழுதாகப் பட்டைக்குள் விழுந்தால் எட்டு வீடு போதும். தெருக்களும் சந்துகளும் பரப்புக் கணக்கில் சேரும் என்பதையும் மறக்கவேண்டாம்.

எங்களைச் சிக்கவைத்தது வீடுகளுக்குப் பின்னால், மதிலை ஒட்டி நீளமாக ஓடும் பசுமைப் பட்டை. அது ஹெச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பெயரில் இருந்தது. அவர்களின் ஒரே எதிர்ப்புக் கடிதம் எதிர்ப்பை வரம்புக்கு மேலே தூக்கிவிட்டது. இத்தகைய பொதுப் பட்டைகளை முதல் வாரத்திலேயே வரைபடத்தில் தேடுங்கள்.

ஹெச்ஓஏவின் புகார் வெளிச்சம் பற்றியது, அதில் உண்மை இருந்தது. டெக்சாஸ் சட்டப்படி, இருட்டில் ஏடிஎம் முகப்பிலும் அதிலிருந்து 5 அடி வரையிலும் குறைந்தது 10 ஃபுட்-கேண்டில் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும். 50 அடி வரை 2 ஃபுட்-கேண்டில் வேண்டும். வீட்டு எல்லையில் அரை ஃபுட்-கேண்டிலுக்கு மேல் கூடாது என்பது பல நகரங்களின் விதி. ஏடிஎம்மைப் பின்வேலிக்கு 30 அடியில் வரைந்தால் இரண்டையும் ஒருசேர நிறைவேற்றவே முடியாது. பல கட்டட நிபுணர்கள் இதை, எங்கே எவ்வளவு வெளிச்சம் என்று காட்டும் ஃபோட்டோமெட்ரிக் வரைபடம் போடும்போதுதான், அதாவது ஜோனிங் முடிந்த பிறகுதான் பார்க்கிறார்கள். நாங்கள் லேன்களைத் தெருப் பக்கமாகத் திருப்பி, ஏடிஎம்மையும் அங்கே நகர்த்தி, விளக்குக் கம்பங்களில் வீட்டுப் பக்கம் மறைப்பு வைத்து, புதிய வரைபடத்தோடு ஹெச்ஓஏ குழு முன் உட்கார்ந்தோம். அவர்கள் எதிர்ப்பை எழுத்தில் திரும்பப் பெற்றார்கள். எதிர்ப்பு வரம்புக்குக் கீழே இறங்கியது. இந்த வேலை முழுவதிலும் மனம் நிறைந்த தருணம் அதுதான்.

போக்குவரத்து அவ்வளவு கஷ்டமில்லை. எந்தப் பயன்பாட்டுக்கு எத்தனை வண்டிப் பயணம் வரும் என்று சொல்லும் ஐடிஇ (போக்குவரத்துப் பொறியாளர் அமைப்பு) கையேட்டில் வகை எண் 912, டிரைவ்-இன் வங்கி. மாலை நெரிசல் நேரத்தில் 1,000 சதுர அடிக்கு ஏறத்தாழ 20 பயணம் வரும். 4,000 சதுர அடிக் கிளை, பல நகரங்கள் முழு ஆய்வு கேட்கும் 100 பயண எல்லைக்குள் அடங்கிவிடும். ஆனால் அதே கையேட்டில் லேன் கணக்கிலும் ஒரு வழி உண்டு. எந்தக் கணக்கை ஏற்பீர்கள் என்று நகரப் பொறியாளரிடம் முன்பே கேட்டு மின்னஞ்சலில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். லேனில் காத்திருக்கும் வண்டிக்கு 20 அடி வீதம் வரைந்து, கடைசி வண்டி நடைபாதையை மறிக்கவில்லை என்று காட்டினால் போதும்.

கவுன்சிலுக்குப் போகும் நாளில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நான்கில் மூன்று பங்கு என்பது மொத்த உறுப்பினர்களில். ஏழு பேர் என்றால் ஆறு வாக்கு. எதிர்ப்பு வரம்பைத் தாண்டியிருக்கும்போது இருவர் வரவில்லையென்றால், வந்த அனைவரும் ஆதரித்தாலும் தோல்விதான். அப்படியிருந்தால் தயங்காமல் ஒத்திவைக்கக் கேளுங்கள். தோற்கும் நிலை தெரிந்தால், வாக்கெடுப்புக்கு முன்பே திரும்பப் பெற்றுவிடுங்கள். நிராகரித்த விண்ணப்பத்தை ஒரு வருடம்வரை மறுபடி ஏற்காத நகரங்கள் உண்டு.

ஒப்புதல் கிடைத்த மறுநாளே ஆணையின் இறுதி வரைவைக் கேளுங்கள். எங்கள் வரைவில் பழைய வரைபடமே இணைப்பாக ஒட்டியிருந்தது, ஏடிஎம் பின்வேலி ஓரத்தில்! மேயர் கையெழுத்துக்கு முன்பு பிடித்ததால் ஒரு மின்னஞ்சலில் சரியானது; கையெழுத்தான பிறகு என்றால் திருத்தத்துக்கு மறுபடி தபால், மறுபடி விசாரணை. சான்றிட்ட நகலோடு ஜோனிங் சரிபார்ப்புக் கடிதத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வங்கியின் வழக்கறிஞர் எப்படியும் கேட்பார்.