பனியில் பிடிக்காத இஞ்சின்

ஜனவரி 9, 2024, செவ்வாய்

அப்பாவுக்கு இன்று டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிளினிக். விடிகாலை 5.30க்கு வண்டிச் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் நன்றாகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. குளிரில் பெற்றோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்துவிட்டு ஏழெட்டுத் தடவை முயன்றேன். பெற்றோல் வாசம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். "விடுப்பா, பஸ்ஸுல போயிருவோம்" என்றார். ஹட்டன் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். முழங்கால் வலியைச் சொல்லவில்லை, எனக்குத்தான் தெரிந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ஒரே இழுப்பில் ஸ்டார்ட். நல்ல வெயில்.

ஜனவரி 10, புதன்

காலையில் மறுபடி பிடிக்கவில்லை. தலவாக்கலை டவுனில் ஒரு கராஜில் கேட்டேன். வண்டியைப் பார்க்காமலே, பற்றரி போயிருக்கும், பிளக்குக்கு மின்சாரம் தள்ளும் கொயிலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பற்றரி செத்திருந்தால் இஞ்சின் அந்த வேகத்தில் சுற்றுமா?

சாயங்காலம் மேல் லயத்து, அதாவது மேலேயிருக்கும் தோட்ட வரிசை வீட்டு, அண்ணனிடம் போனேன். முப்பது வருஷம் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "இஞ்சின் சுத்துதா, சுத்தலையா?" சுற்றாவிட்டால் பற்றரி, டெர்மினல், ஸ்டார்ட்டர் மோட்டார், எர்த் வயர் பக்கம் போக வேண்டும். சுற்றியும் பிடிக்காவிட்டால் பெற்றோல் அல்லது அதைப் பற்றவைக்கும் பிளக்கின் நெருப்பு. பாதி இடத்தை இந்த ஒரு கேள்வியே கழித்துவிடுகிறது. மத்தியானத்தில் ஒழுங்காக ஓடுவதால் பிஸ்டன், வால்வு பக்கம் இப்போதைக்குப் போகத் தேவையில்லை என்றார்.

மீற்றர் வைத்துப் பார்த்தோம். சும்மா நிற்கும்போது 12.5 வோல்ட், சுற்றும்போது 10.3. சுற்றுகையில் 9.6க்குக் கீழே விழுந்தால்தான் பற்றரியைச் சந்தேகிக்க வேண்டுமாம். புதுப் பற்றரிக்குக் காசைக் கொட்டாமல் தப்பித்தேன்.

ஜனவரி 11, வியாழன்

இன்று அண்ணன் விடிவதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். முற்றத்தில் எதிர்ப்பக்கத்துத் தேயிலை மலை தெரியாத அளவுக்குப் பனி. சாவியைத் திருப்பிப் பார்த்தோம், பிடிக்கவில்லை. ஒரு பிளக்கைக் கழற்றினேன், நனைந்திருந்தது. பெற்றோல் வருகிறது, எரியத்தான் இல்லை.

கொயிலிலிருந்து, மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் தடித்த வயரைப் பிடுங்கி, ரப்பர் பிடி போட்ட குறட்டால் இஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தார் அண்ணன். நான் சாவியைத் திருப்பினேன். நீலமாக, சடசடவென்று நெருப்பு. அதை மாட்டிவிட்டு, பிளக் வயரின் நுனியில் வேறொரு பிளக்கைச் செருகி இரும்பில் வைத்துப் பார்த்தோம். மஞ்சளாக, விட்டுவிட்டு வந்தது. அப்படியென்றால் கொயில் நல்லது. நடுவில் எங்கேயோ மின்சாரம் ஒழுகுகிறது.

"டோர்ச்ச அணை" என்றார். இருட்டில் பொனட்டுக்குள் பார்த்துக்கொண்டே சுற்றச் சொன்னார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் மெல்லிய நீலக்கோடு ஒன்று ஊர்ந்து போய் இரும்பில் இறங்கியது. இரண்டு நாளாக நான் தேடியது அதுதான். இருட்டில்லாமல் அதைப் பார்த்திருக்கவே முடியாது.

மூடியைக் கழற்றினோம். உள்ளே பனியீரம். துடைத்தபின் தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு, அதன் வழியே கரிக்கோடு. கொயில் தள்ளும் மின்சாரம் ஆயிரக்கணக்கான வோல்ட். பிளக்கில் தாவுவதைவிட ஈரமான வெடிப்பில் ஓடுவது அதற்குச் சுலபம். ஓட ஓட பிளாஸ்டிக் கரிந்துபோகிறது, கரியும் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் கோடு நாளுக்கு நாள் நீளும். வெயில் ஏறி ஈரம் காய்ந்தால் கொஞ்சம் அடங்கும். மத்தியானத்தில் ஏன் பிடித்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

சுரண்டித் துடைத்து, அடுப்புப் பக்கத்தில் காயவைத்து மாட்டினோம். உடனே பிடித்தது. "இது ரெண்டு நாளைக்குத்தான்" என்றார்.

ஜனவரி 14, ஞாயிறு

கொழும்பில் வேலை செய்யும் மச்சான் பொங்கலுக்கு வரும்போது பஞ்சிகாவத்தையில் தேடி மூடியும், அதற்குள் சுழலும் ரோட்டரும் வாங்கி வந்தான். பழைய மூடியின் படத்தை அனுப்பியிருந்தேன், சரியாகப் பொருந்தியது. வயர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடுங்கினால், பிளக்குகள் நெருப்பு விடும் 1-3-4-2 வரிசை குழம்பிவிடும்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். விடியும்போது அதே பனி. முதல் இழுப்பிலேயே பிடித்தது. அண்ணன் வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜனவரி 16, செவ்வாய்

அப்பாவின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எடுக்க டிக்கோயா போனோம். சென்கிளேயர் அருவிப் பக்கம் ரோட்டே தெரியவில்லை, லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினேன். அப்பா முன் சீட்டில் காலை நீட்டித் தூங்கிவிட்டார். ஹட்டனில்தான் எழுப்பினேன்.