எட்டுப் பெட்டியும் ஒரு திருவலையும்

மட்டக்களப்பு கல்லடி வீட்டு விறாந்தையில் தராசு வைத்து இரண்டு கிழமை ஆகிறது. கனடாவுக்குக் குடிபெயரப்போகிறோம், நாங்கள் நாலு பேர். டிக்கெட்டின்படி ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. மொத்தம் 184 கிலோவுக்குள் பதினொரு வருடக் குடித்தனம் அடங்க வேண்டும்.

முதலில் கழிந்தது கிரைண்டர். இங்கே 230 வோல்ட், கனடாவில் 120. ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாம் தங்கச்சி வீட்டுக்குப் போயாச்சு.

சண்டை தேங்காய் துருவும் திருவலையில்தான். "அங்க துருவின தேங்காய் பாக்கெட்டில கிடைக்கும்" என்கிறார் இவர். கிடைக்கட்டுமே! இருந்து இருந்து பலகை வழுவழுத்துப்போன பழசு. ஓரத்தில் மூத்தவன் ஆணியால் கீறிய மீன் ஒன்று. 3 கிலோ 400 கிராம். அம்மா ஒன்றும் பேசாமல் பல்லுக்குச் சாக்குத் துண்டு சுற்றித் தைத்தா. பிறகு, "புள்ள, உன்ட சாறியில நாலைக் குறை" என்றா.

குறைத்தேன். மருதமுனைக் கைத்தறி இரண்டு மட்டும் மிச்சம்.

பிறகு அனுப்பப்போகும் சாமான்களையும் போய் இறங்கும் அன்றே சுங்கத்தில் பட்டியலாகக் கொடுத்துவிட வேண்டுமாம். சரி என்று ஆட்டுக்கல்லையும் எழுதிவிட்டேன். இவர் இன்னும் பார்க்கவில்லை.