"நியாயமில்லை" என்றால் எங்கே நியாயமில்லை? தேர்தல் சர்ச்சையை ஆய்வேடாக்கிய என் அனுபவம்

மொரீஷியஸில் 2019 நவம்பர் 7 அன்று நடந்த பொதுத்தேர்தலைப் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதையே என் இளங்கலை இறுதியாண்டு ஆய்வேட்டிற்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். அடுத்து எழுதவிருக்கும் தமிழ் மாணவர்கள் சிலர் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னைக் கண்டு விவரம் கேட்கிறார்கள். அவசரத்தில் அங்கே சொல்வது பாதிதான் போய்ச் சேருகிறது என்பதால், நான் செய்த தவறுகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தலைப்பைத் தேர்ந்தெடுத்தபோது வேலை எளிது என்றே நம்பினேன். ஆளும் கூட்டணி ஏறக்குறைய 38 சதவீத வாக்குகளைப் பெற்று, 70 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் 42 இடங்களைப் பிடித்திருந்தது. வாக்காளர் பட்டியலில் தங்கள் பெயர் இல்லை என்று பலர் வாக்குச்சாவடியிலிருந்து திரும்பியதாகப் புகார் எழுந்தது. வாக்கு எண்ணும் மையங்களில் இருந்த கணினி அறையைப் பற்றி மாதக்கணக்கில் பேச்சு ஓடியது. தோற்றவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். மக்களிடம் "தேர்தல் நியாயமாக நடந்ததா?" என்று கேட்டுவிட்டு, ஆம் என்றவர்களையும் இல்லை என்றவர்களையும் எண்ணினால் ஆய்வேடு முடிந்துவிடும் என்பது என் கணக்கு.

கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி, கூகுள் படிவமாக்கி, வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினேன். மூன்று வாரத்தில் நூற்றுக்கும் குறைவான பதில்கள் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ரோஸ் ஹில், காத்ர் போர்ன் நகரங்களின் பக்கத்து உறவினர்கள், உடன் படித்தவர்கள், அவர்களுடைய நண்பர்கள் ஆகியோருடையவை. கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தார்கள். என் வழிகாட்டி அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இதில் யார் இல்லை?" என்று மட்டும் கேட்டார். கரும்புக் காட்டு ஓரத்துக் கிராமங்கள் இல்லை, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இல்லை, நம் நாட்டின் பகுதியான ரோட்ரிக்ஸ் தீவு இல்லவே இல்லை. அந்தத் தேர்தலில் முதியோர் ஓய்வூதியத்தை 13,500 ரூபாய்க்கு உயர்த்துவோம் என்ற வாக்குறுதி எவ்வளவு பெரிய பேச்சாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், முதியவர்களே இல்லாத ஒரு கணிப்பை வைத்துக்கொண்டு எதைச் சொல்ல முடியும்?

அந்தப் படிவம் வீணாகப் போகவில்லை என்பதற்கு ஒரே காரணம், கடைசியில் "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று ஒரு வெற்றுக் கட்டத்தை விட்டிருந்ததுதான். "நியாயமில்லை" என்று குறித்தவர்கள் அந்தக் கட்டத்தில் எழுதியதை அடுக்கிப் பார்த்தபோது, அவர்கள் ஒரே கருத்தைச் சொல்லவில்லை என்பது தெரிந்தது. சிலர் எண்ணிக்கையை நம்பவில்லை: வாக்குச்சீட்டு, கணினி அறை, பட்டியல் என்று எழுதியிருந்தார்கள். சிலருக்கு எண்ணிக்கையில் குறை இல்லை. பிரசாரத்தில்தான் குறை: பணம், தொலைக்காட்சி, ஓய்வூதிய வாக்குறுதி. வேறு சிலருக்கோ இவை எதுவுமே பொருட்டில்லை. பத்தில் நான்கு பேர்கூட வாக்களிக்காத ஓர் அணி எப்படிப் பெரும்பான்மை பெறலாம் என்பதே அவர்களுடைய ஆதங்கம். இந்த மூன்றாவது கூட்டத்தின் மனக்குறை, ஒரு தொகுதியில் அதிக வாக்கு பெறும் மூன்று பேரை (ரோட்ரிக்ஸில் இருவரை) அப்படியே தேர்ந்தெடுக்கும் நம் தேர்தல் அமைப்பின் மீதானது. அது 2019இல் தொடங்கியதும் அன்று. 1982இலும் 1995இலும் ஒரே அணி மொரீஷியஸ் தீவின் 60 இடங்களையும் அள்ளியபோதே பேசப்பட்டது. மூன்றையும் ஒரே "இல்லை"க்குள் போட்டு எண்ணியிருந்தால், முறைகேடு நடந்ததாக நம்பியவர்களின் எண்ணிக்கையைப் பெரிதாக ஊதிக் காட்டியிருப்பேன். உங்கள் ஆய்வேட்டில் வேறு எதைச் செய்யாவிட்டாலும், இந்தப் பிரிப்பைச் செய்யுங்கள்.

இந்தப் பிரிப்பு கையில் இருந்தால் பிற நாட்டு ஒப்பீடுகளும் தாமாகவே ஒழுங்காகிவிடும். கென்யாவில் 2017 ஆகஸ்ட் 8 தேர்தலை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1 அன்று ரத்து செய்தது. அங்கே சர்ச்சையின் மையம் முடிவுகளைச் சாவடிகளிலிருந்து தலைமையகத்துக்கு அனுப்பிய விதம், அதாவது எண்ணிக்கை. மலாவியின் 2019 தேர்தலும் அப்படியே. முடிவுத் தாள்களில் எழுத்தழிக்கும் வெள்ளைத் திரவம் பூசப்பட்டிருந்ததே அங்கு ஊரறிந்த அடையாளம். 2020 பிப்ரவரியில் அது ரத்தாகி, ஜூனில் நடந்த மறுதேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் லாசரஸ் சக்வேரா வென்றார். நம் நாட்டில் அதிகம் பேசப்பட்ட மனு, கார்த்தியே மிலித்தேர் – மோக்கா 8ஆம் தொகுதியில் அப்போதைய பிரதமர் பிரவிந்த் ஜக்நாத்தின் வெற்றியை எதிர்த்து, அங்கே தோற்ற வேட்பாளர் சுரேன் தயாள் தொடுத்தது. அதன் மையம் எண்ணிக்கை அன்று, பிரசாரம்: வாக்குறுதிகளும் முதியோர் விழா விருந்தும் வாக்காளருக்குக் கொடுத்த லஞ்சமாகுமா என்பதே கேள்வி. உச்ச நீதிமன்றம் 2022இல் மனுவைத் தள்ளியது. நம் நாட்டுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 2023 அக்டோபர் 16 அன்று அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. கென்யாவில் மூன்றரை வாரத்தில் வந்த விடை இங்கே வர ஏறத்தாழ நான்கு ஆண்டு ஆனது. அதற்குள் கோவிட் வந்தது, சரக்குக் கப்பல் ஒன்று பவளப்பாறையில் மோதி, எண்ணெய் கசிந்து கடல் கறுத்தது, மக்கள் வேறு காரணங்களுக்காகத் தெருவில் இறங்கினார்கள். ஆகவே 2022இல் ஒருவர் "நம்பிக்கை இல்லை" என்று சொன்னால், அது 2019 தேர்தலைப் பற்றித்தான் என்று எழுதாதீர்கள். கணிப்பு நடந்த மாதத்தை ஒவ்வோர் அட்டவணையின் தலைப்பிலும் குறியுங்கள்.

என் படிவம் உடைந்தபின், ஆப்பிரிக்க நாடுகளில் மக்கள் கருத்தைக் கணிக்கும் ஆஃப்ரோபாரோமீட்டர் என்ற அமைப்பின் தரவுக்குப் போனேன். அதை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மொரீஷியஸில் வழக்கமாக 1,200 பேரிடம் நேரில் சென்று கேட்கிறார்கள். பிழை வரம்பு, அதாவது கணிப்பு உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளி. கடந்த தேர்தல் முழுக்க நியாயமானதா, சிறு குறைகளோடா, பெருங்குறைகளோடா, நியாயமே இல்லையா என்று நான்கு படிகளில் கேட்பதால், ஆம்-இல்லை கேள்வியைவிட எவ்வளவோ மேல். ஆனால் எந்த எண் எந்தப் பதிலைக் குறிக்கிறது என்று சொல்லும் குறியீட்டுப் புத்தகத்தை முதலில் படியுங்கள். "தெரியாது" என்ற பதிலுக்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். நான் அதை நீக்காமல் சராசரி எடுத்து, ஒரு வாரம் அபத்தமான எண்ணோடு அலைந்தேன். நீக்கியபின் அந்தப் பதில்களைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. சர்ச்சைக்குரிய தேர்தலுக்குப் பிறகு "தெரியாது" என்பது பல வேளைகளில் "உன்னிடம் சொல்ல மாட்டேன்" என்பதன் மரியாதையான வடிவம்.

இது நம் ஊரில் இன்னும் கூடுதல். கேட்பவரின் குடும்பப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அவர் எந்தச் சமூகத்தார் என்று தெரிந்துவிடும் நாடு இது. கேட்பவருக்கும் எதிரில் இருப்பவரைப் பற்றி அதே அளவு தெரியும். பேட்டியின் முடிவில் "எங்களை யார் அனுப்பியதாக நினைக்கிறீர்கள்?" என்று ஆஃப்ரோபாரோமீட்டர் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. மாணவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. அரசாங்கம் அனுப்பியது என்று நினைத்தவர்களையும் மற்றவர்களையும் தனித்தனியே எடுத்து, தேர்தல் பற்றிய அவர்கள் பதில்களை ஒப்பிட்டுப் பாருங்கள். என் ஆய்வேட்டில் தேர்வாளர்களுக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

இன்னொரு பொறியைச் சொல்ல வேண்டும். நான் இந்த ஆய்வைச் செய்கிறேன் என்று தெரிந்ததும் என் மாமா கேட்ட முதல் கேள்வி, "நம்ம தமிழர் என்ன நினைக்கிறாங்க?" என்பதே. நியாயமான ஆசைதான். ஆனால் நம் மக்கள் நூற்றுக்கு ஆறு பேர் என்று வைத்துக்கொண்டால், 1,200 பேரில் எழுபத்திரண்டு பேர் வருவார்கள். அவ்வளவு சிறிய குழுவுக்குப் பிழை வரம்பு 11 புள்ளியைத் தாண்டிவிடும். அரசியலமைப்பின் நான்கு சமூகப் பிரிவுகளிலும் (இந்து, முஸ்லிம், சீன-மொரீஷியர், பொது மக்கள்) தமிழருக்குத் தனிப் பிரிவு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எதுக்கு மூணு வருஷம் படிச்சே?" என்றார்.

தோற்ற அணிக்கு வாக்களித்தவர்கள் தேர்தலைக் குறைவாக நம்புவது உலகெங்கும் காணப்படும் போக்கு. ஆகவே யாருக்கு வாக்களித்தார் என்பதைக் கணக்கில் எடுத்துப் பிரித்துப் பார்க்காமல் வயது, கல்வி, ஊர் என்று காரணம் தேடாதீர்கள். அதிலும் எச்சரிக்கை வேண்டும்: நாளாக நாளாக, வென்றவருக்கே வாக்களித்ததாகச் சொல்பவர்கள் பெருகுவார்கள்.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் கேட்டார்: "நீதிமன்றம் தேர்தல் செல்லும் என்று சொல்லிவிட்டது. அப்படியானால் நீங்கள் அளந்த மக்கள் கருத்து தவறுதானே?" நான் தடுமாறி, தீர்ப்பின் தேதிகளை ஒப்பித்தேன். வீட்டுக்குப் பேருந்தில் வரும்போதுதான் பதில் வந்தது. நீதிமன்றம் தன் முன் வைக்கப்பட்ட ஒரு தொகுதியின் குற்றச்சாட்டைச் சட்டத்தின்படி அளந்தது. எண்ணிக்கையைச் சந்தேகித்தவருக்கும், தேர்தல் முறையையே வெறுத்தவருக்கும் அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை. மூன்று குறைகளையும் பிரித்து எழுதிய நானே, அந்த அறையில் அதை மறந்துபோனேன். 2024 நவம்பர் 10 தேர்தலில் எதிரணி, வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 62 இடங்களில் 60ஐ வென்றது. தோற்றவர்கள் மறுநாளே ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் அதைப் பற்றி எழுதினால் உங்களிடம் வேறு கேள்வி வரும்: தேர்தல் முறை மாறவில்லையே, நம்பிக்கை மட்டும் ஏன் மாறியது என்று. பதிலை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.